இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பு: எந்த மருத்துவரை நாடுவது?

கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். மகளுக்கு வயது 24. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். 17 வயதில் வலிப்பு தொடங்கியது. முதலில் டெக்ரெட்டோல் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்ததால் நிறுத்திவிட்டார்கள். பிறகு எப்பிலிம், மூன்று ஆண்டுகளாக அதோடு கெப்ராவும் சேர்ந்திருக்கிறது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறுவதில்லை. இருந்தும் மாதத்துக்கு மூன்று, நான்கு முறை வருகிறது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கிறது என்பாள். உடனே பார்வை நிலைகுத்திவிடும், வாய் சப்புக்கொட்டும், வலது கை துப்பட்டா நுனியைப் பிய்த்துக்கொண்டே இருக்கும், இடது கை முறுக்கிக்கொள்ளும். எப்போதாவது தூக்கத்தில் முழு வலிப்பும் வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படம், ஈ.இ.ஜி. என்னும் மூளை மின்னோட்டப் பதிவு இரண்டும் நார்மல் என்றார்கள். இப்போது பார்க்கும் நரம்பியல் டாக்டர் நல்லவர். வேறு ஒருவரிடம் போனால் மனம் வருந்துவாரோ என்று தயங்குகிறோம். வலிப்புக்கென்றே இருக்கும் டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? உறவினர்கள் தமிழகத்தில் வேலூர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்; ஒருவர் நாட்டு மருந்துப் பொடியும் கொண்டுவந்து கொடுத்தார். மகளுக்கு வரனும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். — ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் வலிப்பு நோய்க்கெனத் தனிப் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இது என் தனிப்பட்ட அபிப்பிராயம் மட்டுமன்று. சரியாகத் தேர்ந்தெடுத்து, உடல் ஏற்றுக்கொண்டு, போதிய அளவில் போதிய காலம் கொடுக்கப்பட்ட இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு முழுமையாக நிற்கவில்லையென்றால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என அனைத்துலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது. டெக்ரெட்டோல் இந்தக் கணக்கில் சேராது. அது வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியும் முன்பே ஒவ்வாமையால் நிறுத்தப்பட்டுவிட்டது. எப்பிலிமும் கெப்ராவும் சேரும், அவற்றின் அளவு போதுமானதாக இருந்திருந்தால். அந்த அளவை நீங்கள் எழுதவில்லை. மாத்திரை உறையில் உள்ள மில்லிகிராம் எண்ணையும், காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்பதையும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே நோய் அடங்கிவிடுகிறது. இரண்டாவது மருந்தில் மேலும் சிலருக்கு அடங்குகிறது. அதற்குப் பிறகு மூன்றாவது, நான்காவது என்று மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் முழு விடுதலை கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மருந்தை மாற்றவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. மாற்றுவதற்கு முன், இது எந்த வகை வலிப்பு, மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது, உண்மையிலேயே வலிப்புதானா என்ற மூன்று கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும் என்பதே பொருள். அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான கருவியும் நேரமும் பழக்கமும் உள்ளவரைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

நானும் பொது நரம்பியல் மருத்துவன்தான். பக்கவாதம், தலைவலி, நடுக்கம், நரம்புத் தளர்ச்சி என்று ஒரே காலைப்பொழுதில் எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் நாங்கள். வலிப்பு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எங்கள் கவனிப்பே போதும். போதாத சிலர் உண்டு. அவர்களை அடுத்த இடத்துக்கு அனுப்பிவைப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஆகவே உங்கள் மருத்துவர் மனம் வருந்துவார் என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். அடுத்த முறை செல்லும்போது, “டாக்டர், இரண்டு மருந்துக்கும் நிற்கவில்லை. வீடியோ ஈ.இ.ஜி. கண்காணிப்புக்கும் வலிப்பு நோய் நிபுணரின் கருத்துக்கும் எங்களை அனுப்பிவைப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால்தான் அது குறை சொல்வதுபோல் தொனிக்கும். அவரிடமிருந்தே பரிந்துரைக் கடிதம், அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் சூராட் ருஜுக்கான், வாங்கிக்கொண்டு போவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: பரிசோதனை முடிந்து ஊர் திரும்பிய பின் மாதந்தோறும் மருந்தைக் கவனிக்கப்போகிறவர் அவர்தான்.

இனி, தேடும் வழி. மலேசிய மருத்துவ மன்றத்தின் கீழுள்ள தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒருவர் நரம்பியல் நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதை அது உறுதி செய்யும். ஆனால் நரம்பியல் நிபுணர் என்ற பட்டம் மட்டும் உங்களுக்குப் போதாது. மருத்துவமனையின் பக்கத்தில் அவரைப் பற்றிய குறிப்பில் வலிப்பு நோயிலோ ஈ.இ.ஜி.யிலோ மேற்பயிற்சி பெற்றவர் என்று இருக்கிறதா பாருங்கள். மலேசிய நரம்பியல் அறிவியல் சங்கத்தில் வலிப்பு நோய்க்கென்றே ஒரு மன்றம் இயங்குகிறது. இந்நாட்டில் வலிப்பு சிகிச்சைக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிடுவது அதுதான். அந்தத் துறையில் ஊன்றி நிற்கும் மருத்துவர்கள் யார் என்பது உங்கள் மருத்துவருக்கு அநேகமாகத் தெரிந்தே இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் அவர் செய்து முடிப்பதை நீங்கள் ஒரு மாதம் தேடினாலும் செய்ய இயலாது.

பினாங்கிலேயே தொடங்குவதானால், பினாங்கு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் பெறலாம். ஜார்ஜ்டவுனின் தனியார் மருத்துவமனைகளிலும் நரம்பியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். நாள்கணக்கில் தங்கவைத்துக் கண்காணிப்பதற்கும், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிக் கலந்து முடிவெடுப்பதற்கும் கோலாலம்பூர் செல்ல வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடே திட்டமிடுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை ஆகிய மூன்றும் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள். பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய், அங்கிருந்து கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி.யில் யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் அருகில்தான். இதே கேள்வியோடு இருக்கும் வேறு பெற்றோருக்காக ஒரு வரி: பிள்ளை சிறு வயதாக இருந்தால் நாட வேண்டியவர் குழந்தை நரம்பியல் நிபுணர், கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு.

செலவைப் பொறுத்தவரை, சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நிபுணத்துவப் பிரிவில் குடிமக்கள் தொடர் வருகை ஒன்றுக்குச் செலுத்துவது 5 ரிங்கிட் அளவில்தான். பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கட்டணம் வேறு, தனியாருடையது முற்றிலும் வேறு. மகளுக்கு நிறுவனத்தின் மருத்துவ அட்டை இருந்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது பொருந்துமா என்பதைப் படுக்கை பதிவு செய்யும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கண்காணிப்புக்கு நடுவில் அந்தத் தகராறு வேண்டாம்.

நிபுணரைச் சந்தித்ததும் அவர் உண்மையிலேயே இத்துறையில் ஆழ்ந்தவரா என்பதை எப்படி அறிவது? அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதிலிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும். நீங்கள் கடிதத்தில் எழுதிய ஒரு வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: வலது கை துப்பட்டாவைப் பிய்க்கிறது, இடது கை முறுக்கிக்கொள்கிறது. அவசரத்தில் இருப்பவர் இதைக் “கை கால் இழுப்பு” என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். வலிப்பு நிபுணர் அங்கேயே நின்றுவிடுவார். முறுக்கிக்கொள்ளும் கைக்கு எதிர்ப் பக்கத்து மூளையில்தான் இத்தகைய வலிப்பு தொடங்குவது வழக்கம். காரணமின்றித் துழாவும் கை பெரும்பாலும் வலிப்பு தொடங்கும் அதே பக்கத்தைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வலப்பக்க மூளையை நோக்கி விரல் நீள்கிறது. வயிற்றிலிருந்து ஏதோ ஏறும் உணர்வும் சப்புக்கொட்டுவதும் காதையொட்டி உள்ளே இருக்கும் டெம்போரல் பகுதியைச் சுட்டுகின்றன. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் மாட்டேன். ஆனால் வலிப்பு முடிந்ததும் எந்தக் கையால் மூக்கைத் துடைத்தாள், பேச்சு உடனே வந்ததா, சொன்ன சொல்லை விளங்கிக்கொண்டாளா என்றெல்லாம் ஒரு மருத்துவர் துருவிக் கேட்டால், நீங்கள் சரியான அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நம்பலாம்.

நீங்களும் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு அன்று. உங்கள் நோயாளிகளில் வலிப்புக்காரர்கள் எத்தனை பங்கு, வீடியோ ஈ.இ.ஜி.யை நீங்களே படித்துப் பார்ப்பீர்களா, மூளை அறுவை மருத்துவரும் கதிரியல் மருத்துவரும் நினைவாற்றலைச் சோதிக்கும் உளவியல் நிபுணரும் கூடிப் பேசும் ஏற்பாடு இங்கே உண்டா, இடையில் வலிப்பு அதிகமானால் நாங்கள் யாரை அழைப்பது என்ற கேள்விகளுக்கு நல்ல மருத்துவர் நேராகவே பதில் சொல்வார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய “நார்மல்” என்ற சொல்லை அதிகம் நம்ப வேண்டாம். அரை மணி நேரம் எடுக்கும் ஒரு சாதாரண ஈ.இ.ஜி., வலிப்பு நிச்சயமாக உள்ளவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் மாற்றத்தைக் காட்டும். எம்.ஆர்.ஐ.யின் கதையும் அதுதான். அறுவைச் சிகிச்சைக்காக ஆராயப்பட்ட நோயாளிகளைப் பற்றி ஜெர்மனியிலிருந்து 2002-இல் வந்த ஓர் ஆய்வில், சாதாரண முறையில் எடுத்த படத்தை வலிப்பில் பழக்கமில்லாதவர்கள் படித்தபோது 39 விழுக்காட்டினரிடம் மட்டுமே கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. அதே படங்களைப் பழக்கமுள்ளவர்கள் படித்தபோது 50 விழுக்காடு. வலிப்புக்கென்று வகுத்த முறையில் புதிதாக எடுத்துப் பழக்கமுள்ளவர்கள் படித்தபோது 91 விழுக்காடு. நோயாளி ஒருவரே; எடுக்கும் முறையும் படிக்கும் கண்ணும்தான் மாறின. ஆகவே பழைய எம்.ஆர்.ஐ.யின் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல், படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் எடுத்த இடத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். புதிதாக எடுப்பதானால் வலிப்புக்கான முறையில், இயன்றால் காந்த வலிமை கூடிய 3 டெஸ்லா இயந்திரத்தில் எடுக்குமாறு கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வீடியோ ஈ.இ.ஜி. என்பது வேறு அனுபவம். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மிரளாமல் இருப்பீர்கள். தலை முழுவதும் மின்முனைகளைப் பசைகொண்டு ஒட்டி, படுக்கைக்கு எதிரே கேமராவை வைத்து, சில நாள்கள் இரவும் பகலும் பதிவு செய்வார்கள். வலிப்பு வந்தால்தான் அது எங்கே தொடங்குகிறது என்று காண முடியும் என்பதால், தாதியர் கண்காணிப்பில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதும் உண்டு. ஏழு ஆண்டுகளாக வலிப்பு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட தாய், அங்கே அது வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியிருக்கும். வந்ததும் பொத்தானை அழுத்துவதும், போர்வையை விலக்கி உடல் முழுவதும் கேமராவுக்குத் தெரியச் செய்வதும், கேமராவை மறைக்காமல் பக்கவாட்டில் நிற்பதும் கூட இருப்பவரின் வேலை. போவதற்கு முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் தடவாமல் செல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது, சடையில் பூவும் வேண்டாம். வலிப்பு என்றே கருதப்பட்டுப் பல ஆண்டுகள் மருந்து உண்டவர்களில் கணிசமானோருக்கு மூளையின் மின்னோட்டத்தில் எந்த மாற்றமும் இல்லாத வேறு வகை மயக்கம்தான் இருந்தது என்பதும் இந்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். அவர்களுக்குத் தேவைப்படும் சிகிச்சை முற்றிலும் வேறு.

அதுவரை உங்கள் கைப்பேசியே பரிசோதனைக் கருவி. மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்ட பின், மற்றொருவர் சற்று விலகி நின்று, முகமும் இரு கைகளும் கால்களும் தெரியும்படி, அவள் தன்னிலைக்கு வரும்வரை காணொளி எடுக்கட்டும். கண்கள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பது தெரிய வேண்டும். பெயரைச் சொல்லி அழையுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், “மாம்பழம்” என்பதுபோல் ஒரு சொல்லைச் சொல்லிவைத்துத் தெளிந்த பின் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டவே வேண்டாம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது தொடங்கினாலோ 999-ஐ அழையுங்கள்.

அறுவைச் சிகிச்சை என்ற சொல் பல குடும்பங்களில் பேச்சையே நிறுத்திவிடுகிறது. டெம்போரல் பகுதி வலிப்பு மருந்துக்கு அடங்காத 80 பேரை வைத்துக் கனடாவில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அந்த நிலையை எட்டியவர்கள் 8 விழுக்காடு. மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்று தெரிந்தவுடனேயே, 70 வயது வரையிலான எவருக்கும் அறுவைச் சிகிச்சைக்கான மதிப்பீட்டுக்குச் செல்லும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்று அனைத்துலகக் கழகத்தின் வல்லுநர்கள் 2022-இல் பரிந்துரைத்தார்கள். மதிப்பீட்டுக்குச் செல்வதாலேயே அறுவைக்குச் சம்மதித்ததாக ஆகாது. மகளுக்கு அது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். பொருந்துமா என்று எவரும் பார்க்காமலேயே ஆண்டுகள் கழிவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். தூக்கத்தில் முழு வலிப்பு வருவோருக்குத் திடீர் மரண ஆபத்து சிறிதளவேனும் இருக்கிறது, வலிப்பு நின்றால் அந்த ஆபத்து குறைகிறது என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

வரன் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எப்பிலிமைப் பற்றிய பேச்சைத் திருமணத்துக்குப் பின் என்று தள்ளிவைக்க வேண்டாம். சோடியம் வால்புரோயேட் என்னும் அந்த மருந்தை உட்கொள்ளும்போது கருத்தரித்தால், பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவும் ஏற்படக்கூடும். இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடரும் அபாயம் உண்டு. வேறு மருந்துக்கு மாற நிபுணருக்குச் சில மாதங்கள் தேவை, ஃபோலிக் அமிலமும் கருத்தரிக்கும் முன்பே தொடங்கப்பட வேண்டியது, அதனால்தான் இப்போதே கேட்கச் சொல்கிறேன். மகள் 24 வயதுப் பெண் என்பதால் இந்த உரையாடலில் ஒரு பகுதியை மருத்துவரோடு அவள் தனியாகப் பேச விட்டுவிடுங்கள்.

டெக்ரெட்டோலால் வந்த தடிப்பை முதல் சந்திப்பிலேயே, அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் தோல் உரியும் கடும் ஒவ்வாமை வரக்கூடும். சீனரிடத்தும் மலாய்க்காரரிடத்தும் அது பரவலாக இருந்தாலும் இந்தியரிடத்தும் காணப்படுகிறது. இரத்தப் பரிசோதனையில் அறியலாம். டெக்ரெட்டோலின் இனத்தைச் சேர்ந்த வேறு சில வலிப்பு மருந்துகளும் அதே தொல்லையைத் தரக்கூடும் என்பதால், இந்த ஒரு தகவல் அடுத்த மருந்தின் தேர்வையே மாற்றிவிடும்.

வேலூரைப் பற்றி: தமிழகத்திலும் கேரளத்திலும் வலிப்பு சிகிச்சையில் நீண்ட அனுபவமுள்ள நிலையங்கள் உண்டு, திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் அறுவைச் சிகிச்சையிலும் பெயர் பெற்றது. மொழி தெரிந்த இடத்தில் விளக்கமாகப் பேச முடியும் என்பதும் சிறிய வசதியன்று. ஆனால் வலிப்பு மருந்து ஒரே வருகையில் முடிவாகிவிடுவதில்லை. மாதக்கணக்கில் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியது. இங்குள்ள பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, இரண்டாவது கருத்து வேண்டுமானால் போய்வாருங்கள். முதலிலேயே அங்கே போய், கத்தையாகத் தாள்களோடு திரும்பிவந்து, அவற்றைத் தொடர்ந்து கவனிக்க இங்கே ஒருவருமின்றி நிற்க வேண்டாம். அந்தப் பொடியை மட்டும் நிறுத்திவிடுங்கள். வலிப்புக்கென விற்கப்பட்ட சில நாட்டு மருந்துகளில் பழைய வலிப்பு மருந்துகளே கலக்கப்பட்டிருந்தது சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. அளவு தெரியாத மருந்து ஒன்று உள்ளே போய்க்கொண்டிருந்தால் எந்த நிபுணராலும் கணக்குப் போட முடியாது. கயிறு கட்டுவதிலும் நேர்ந்துகொள்வதிலும் எனக்கு மறுப்பு இல்லை.

நிபுணரின் முதல் தேதி சில மாதங்கள் தள்ளிக் கிடைத்தால் மனம் தளர வேண்டாம். இடையில் யாராவது தங்கள் தேதியை ரத்து செய்தால் எங்களை அழையுங்கள் என்று பதிவு முகப்பில் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவையுங்கள். அதற்குள் வலிப்பு கூடினாலோ, ஒரு முறையாவது ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, கருத்தரித்தது தெரியவந்தாலோ, உங்கள் மருத்துவரே நிபுணரை அழைத்துத் தேதியை முன்னால் இழுக்கக் கேட்கலாம். அந்த மூன்று காரணங்களுக்கும் பொதுவாக யாரும் மறுப்பதில்லை.